டோர் ரிலே நடத்தக் கிளம்புமுன்

இணையத்தில் யார் எங்கே போகிறார்கள் என்பதை மறைக்க உதவும் வலையமைப்பு டோர். டோர் பிரவுசரில் ஒருவர் ஒரு தளத்தைத் திறந்தால், அந்தக் கோரிக்கை மூன்று சர்வர்களைத் தாண்டித்தான் போய்ச் சேரும். முதல் சர்வருக்கு ஆள் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசி சர்வருக்குப் போகுமிடம் தெரியும், ஆள் தெரியாது. நடுவில் நிற்பதற்கு இரண்டும் தெரியாது. இந்தச் சர்வர்களைத்தான் ரிலே என்கிறோம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ரிலேக்களைத் தன்னார்வலர்கள் கைக்காசு போட்டு நடத்துகிறார்கள். நாமும் ஒன்று நடத்தினால் என்ன என்று யோசிப்பவர்களுக்கான குறிப்புகள் இவை.

நிறுவும் வேலை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். தலைவலி வருவது வேறு இடத்திலிருந்து. ஒன்பது டைரக்டரி சர்வர்கள் தங்களுக்குள் வாக்களித்து, இயங்கும் ரிலேக்களின் பட்டியலை மணிக்கொருமுறை வெளியிடுகின்றன. உங்கள் ரிலேயின் ஐபி முகவரியும் அதில் ஏறும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அந்த முகவரி யார் பெயரில் இருக்கிறது, அதன்மேல் புகார் வந்தால் யார் வீட்டுக் கதவு தட்டப்படும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் கை வைப்பது அதற்குப் பிறகு.

முதல் படி: எந்த வகை என்று முடிவெடுங்கள்

ஆபத்து குறைவானதிலிருந்து கூடுதலானது வரை நான்கு வகை.

ஸ்னோஃப்ளேக்: பிரவுசரில் சேர்க்கும் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன். டோருக்குத் தடை போடப்பட்ட நாடுகளில் இருப்பவர்கள் உங்கள் பிரவுசர் வழியாக டோருக்குள் நுழைவார்கள். அவர்கள் திறக்கும் தளங்களுக்கு உங்கள் முகவரி தெரியாது. பொது ஐபி தேவையில்லை, வீட்டு ரூட்டருக்குப் பின்னாலிருந்தே ஓடும். கம்ப்யூட்டரை அணைத்தாலும் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. சர்வர் நிர்வாகமே புதிது என்றால் இங்கே தொடங்குங்கள்.

பிரிட்ஜ்: பொதுப் பட்டியலில் வராத நுழைவாயில். கேட்பவர்களுக்குச் சில முகவரிகள் மட்டும் பிரித்துக் கொடுக்கப்படும். வினாடிக்கு 1 மெகாபிட் இருந்தாலே போதும். போக்குவரத்தை அடையாளம் தெரியாமல் உருமாற்ற ஒபிஎஃப்எஸ்4 என்ற துணைநிரலும் கூடவே ஓட வேண்டும். முன்பு ரிலே ஓடிய முகவரியில் பிரிட்ஜ் வைப்பது வீண்வேலை. அந்த முகவரி பொதுப் பட்டியலில் ஒருமுறை வந்துவிட்டது. தடை போடுபவர்கள் அதை ஏற்கெனவே குறித்து வைத்திருப்பார்கள்.

நடு ரிலே: வெளியுலகத் தளங்களோடு பேசாது, மற்ற ரிலேக்களோடு மட்டும் பேசும். நாளடைவில் தகுதி வந்ததும் இதுவே கார்டு ரிலேயாக, அதாவது பயனர் முதலில் தொடும் ரிலேயாக, உயரும். புகார்கள் அபூர்வம். வாடகை சர்வர் எடுக்கப்போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

எக்ஸிட்: மூன்றாவது சர்வர். பயனர் செய்யும் எல்லாமே, நல்லதும் கெட்டதும், உங்கள் முகவரியிலிருந்து வந்ததாகத்தான் வெளியே தெரியும். வலையமைப்புக்கு மிகவும் தேவைப்படுவதும், ஆள் கிடைக்காததும் இதற்குத்தான். முதல் ரிலேயாக இதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: வீட்டு இணைப்பா, வாடகை சர்வரா

எக்ஸிட்டை வீட்டில் வைக்கக் கூடாது என்பதில் மறுபேச்சே இல்லை. 2017 ஏப்ரலில் மாஸ்கோவில் ஒரு கணித ஆசிரியர் கைதானார். அவர் வீட்டில் ஓடிய எக்ஸிட் வழியாக வேறு யாரோ இட்ட பதிவுகளே அதற்குக் காரணம். வழக்கு கைவிடப்பட்டது அடுத்த ஆண்டுதான். அதுவரை சிறை, வீட்டுக்காவல் என்று அலைச்சல். 2014இல் ஆஸ்திரியாவில் ஒரு எக்ஸிட் நடத்துநருக்கு, குற்றத்துக்கு உடந்தை என்று நீதிமன்றம் தண்டனையே விதித்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், எக்ஸிட் எண்ணம் இருந்தால் உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நடு ரிலே வீட்டில் ஓடினால் காவல்துறை வருவது அபூர்வம்; தொந்தரவு வேறு ரூபத்தில் வரும். சில வங்கிகளும் வீடியோ தளங்களும் எக்ஸிட் எது, நடு ரிலே எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. டோர் பட்டியலில் இருக்கும் எல்லா முகவரிகளையும் சேர்த்து முடக்கிவிடுகின்றன. வீட்டில் எல்லாரும் அதே முகவரியைப் பயன்படுத்துவதால், ஒருநாள் திடீரென்று யாருக்கோ பணம் அனுப்ப முடியாமல் போகும். ரிலேதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

இன்னொன்று, வீட்டு ரூட்டர். ஒரு ரிலேயால் ஒரே நேரத்தில் குறைந்தது 7000 இணைப்புகளைத் தாங்க முடிய வேண்டும். மலிவு ரூட்டர்களின் இணைப்பு அட்டவணை அதற்கு முன்பே நிரம்பிவிடும். ரிலே மட்டும் நின்றால் பரவாயில்லை, வீட்டு இன்டர்நெட்டே படுத்துவிடும்; ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகும், சில மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை. இப்படி ஆனால் காரணம் பெரும்பாலும் இதுதான். இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே ஐபியைப் பகிர்ந்து கொடுத்திருந்தால் ரிலே ஓடவே ஓடாது. வெளியிலிருந்து எட்டக்கூடிய பொது ஐபிவி4 முகவரி கட்டாயம். அது இல்லாதவர்களுக்கு ஸ்னோஃப்ளேக் இருக்கிறது.

மூன்றாம் படி: மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நடு ரிலேக்கு இரு திசையிலும் வினாடிக்கு 10 மெகாபிட் குறைந்தபட்சம். 16 இருந்தால் நல்லது. மாதத்துக்கு வெளியே 100 ஜிபி, உள்ளே 100 ஜிபியாவது ஒதுக்க வேண்டும்; 2 டிபி கொடுக்க முடிந்தால் வலையமைப்புக்கு உண்மையிலேயே உதவும். ரேம், 40 மெகாபிட்டுக்குக் கீழே 512 எம்பி, மேலே 1 ஜிபி, எக்ஸிட்டுக்கு 1.5 ஜிபி. டிஸ்கில் டோருக்கென்று 200 எம்பி போதும்.

ஹோஸ்டிங் நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன, டோரின் அமைப்புக் கோப்பில் பெரும்பாலும் மெகாபைட்டில் எழுதுகிறோம். 8 மெகாபிட்தான் 1 மெகாபைட். இதைக் கவனிக்காமல் "10" என்று எழுதி எட்டு மடங்கு வேகத்தைத் திறந்துவிட்டவர்கள் நிறையப் பேர். அடுத்தது, ரிலே என்பது வாங்கி அனுப்பும் வேலை. உள்ளே எவ்வளவு வருகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவும் வெளியே போகும். வினாடிக்கு 1 மெகாபைட் வேகத்தில் 30 நாள் ஓடினால் ஒரு திசையில் 2.6 டிபி, இரண்டும் சேர்த்து 5.2 டிபி.

இப்போது மாதம் 1 டிபி வரம்புள்ள சர்வரை எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் இரு திசையையும் கூட்டிக் கணக்கிட்டால் ஒரு திசைக்கு 500 ஜிபிதான். மாதம் முழுக்கச் சீராக ஓடினால் வினாடிக்கு ஏறத்தாழ 193 கிலோபைட், அதாவது 1.5 மெகாபிட். குறைந்தபட்ச 10 மெகாபிட்டின் பக்கத்திலேயே வரவில்லை. நிறுவனம் வெளியே போவதை மட்டும் எண்ணினால் 3 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேலே.

இதற்கு வழி, வேகத்தை நெரிக்காமல் மொத்த அளவுக்கு வரம்பு வைப்பது. அக்கவுண்டிங்மேக்ஸ் என்ற வரியில் அளவையும், அக்கவுண்டிங்ஸ்டார்ட் வரியில் உங்கள் பில்லிங் மாதம் தொடங்கும் நாளையும் கொடுத்தால், அளவு தீர்ந்ததும் ரிலே உறங்கப் போய்விடும். அடுத்த மாதம் எழும். எப்போதும் திறந்திருக்கும் மெதுவான ரிலேயைவிட, சில நாட்கள் மட்டும் வேகமாக ஓடும் ரிலே பயனர்களுக்கு உபயோகமானது. அந்த வரம்பு வழக்கமாக ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கூட்டிக் கணக்கிடும் நிறுவனத்திடம் 1 டிபி என்று எழுதினால் 2 டிபிக்குப் பில் வரும். 450 ஜிபி என்று எழுதுங்கள். மீதி சிஸ்டம் அப்டேட்டுக்கும் மற்றதுக்கும்.

"அன்லிமிடெட்" என்று விளம்பரம் செய்யும் திட்டங்களின் நிபந்தனைகளில் "நியாயமான பயன்பாடு" என்ற வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் படியுங்கள். ரிலே அந்த நியாயத்துக்குள் வராது.

நான்காம் படி: நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

பணம் கட்டுமுன் சப்போர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். டோர் ரிலே அனுமதிக்கப்படுமா, எந்த வகை, புகார் வந்தால் எத்தனை மணி நேரத்தில் பதில் எதிர்பார்ப்பார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் தொடங்கினால், முதல் புகாரிலேயே சர்வரும் போகும், கட்டிய பணமும் போகும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று எல்லாரும் போகும் இடத்துக்கே போகாதீர்கள். ஹெட்ஸ்னர், ஓவிஎச் போன்ற பெரிய நிறுவனங்களின் வலையில் ஏற்கெனவே ஏராளமான ரிலேக்கள் குவிந்து கிடக்கின்றன. ஒரே நிறுவனத்தின் கேபிளில் அதிக ரிலேக்கள் இருந்தால், அந்த ஒரு இடத்தைக் கவனிப்பவருக்கு அதிகம் தெரிந்துவிடும். டோரின் பாதுகாப்பே சிதறிக் கிடப்பதில்தான். ரிலேக்கள் குறைவாக உள்ள நாட்டில், சிறிய நிறுவனத்தில் கொஞ்சம் மெதுவான சர்வர் கிடைத்தாலும் அதை எடுங்கள்.

சிபியுவில் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான வன்பொருள் ஆதரவு இருக்கிறதா என்று பாருங்கள். டோர் பெரும்பாலும் ஒரே கோரில் ஓடுவதால் எட்டுக் கோர் சர்வர் எடுத்து ஒற்றை ரிலே ஓட்டுவது காசுக்குக் கேடு.

ஐந்தாம் படி: நிறுவுதல்

டெபியன் அல்லது உபுண்டு என்றால், இயங்குதளத்தோடு வரும் டோர் பொதியை எடுக்காமல் டோர் புராஜெக்டின் சொந்த ரெப்பாசிட்டரியைச் சேர்த்து அதிலிருந்து நிறுவுங்கள். இயங்குதளத்தின் பதிப்பு பல நேரம் பின்தங்கியிருக்கும். ஆயுள் முடிந்த பதிப்புகளை டைரக்டரி சர்வர்கள் பட்டியலிலிருந்தே தள்ளிவிடும். தானியங்கி அப்டேட்டை அன்றைக்கே இயக்கிவிடுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட ரிலேதான் ஆறு மாதம் கழித்துக் காணாமல் போகும். சர்வரின் கடிகாரம் என்டிபி (இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) வழியாகச் சரியாக ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். நேரம் தவறினால் ரிலே வலையமைப்போடு ஒட்டாது.

அமைப்புக் கோப்பின் பெயர் டோர்ஆர்சி. நடு ரிலேக்கு ஐந்தே வரிகள் போதும்.

நிக்நேம்: 1 முதல் 19 எழுத்துகள், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். இடைவெளியோ கோடோ போட்டால் டோர் தொடங்காது.

கான்டாக்ட்இன்ஃபோ: ஒரு மின்னஞ்சல். இது பொதுவில் தெரியும், ஸ்பேம் வரும். இதற்கென்று தனி முகவரி வைத்துக்கொண்டு அதைத் தவறாமல் பாருங்கள். ரிலேயில் ஏதாவது கோளாறு என்றால் உங்களை எட்ட வேறு வழி கிடையாது.

ஓஆர்போர்ட்: பயனர்களும் மற்ற ரிலேக்களும் உங்கள் ரிலேக்குள் வரும் வாசல் எண். 9001 அல்லது 443. சில ஃபயர்வால்கள் 443ஐ மட்டும் விடுவதால் அது காலியாக இருந்தால் அதையே கொடுங்கள். பிரிட்ஜுக்கு மட்டும் 9001 வேண்டாம். அது டோரின் எண் என்று தடை போடுபவர்களுக்கும் தெரியும்.

எக்ஸிட்ரிலே: 0. இயல்பு மதிப்பை நம்பி விட்டுவிடாமல் கையால் எழுதுங்கள்.

சாக்ஸ்போர்ட்: 0. சர்வரில் நீங்கள் டோரை உலாவப் பயன்படுத்தப் போவதில்லை.

ஐபிவி6 இருந்தால் அதற்கும் ஒரு ஓஆர்போர்ட் வரி சேர்க்கலாம். ஆனால் சேர்க்குமுன் வெளியிலிருந்து அது உண்மையில் எட்டுகிறதா என்று சோதியுங்கள். அறிவித்த ஐபிவி6 வேலை செய்யாவிட்டால், ஐபிவி4 நன்றாக இருந்தாலும் முழு ரிலேயும் பயன்படாமல் போகும்.

ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் திறந்துவிட்டு டோரை மறுபடியும் தொடங்கி, லாகைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். இருபது நிமிடத்துக்குள், ஓஆர்போர்ட் வெளியிலிருந்து எட்டுகிறது என்று ஒரு வரி வரவேண்டும். வராவிட்டால் பத்துக்கு ஒன்பது முறை தப்பு ஃபயர்வாலில்தான். சர்வரில் ஒன்று, ஹோஸ்டிங் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இன்னொன்று என்று இரண்டு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வந்துவிட்டால் மூன்று மணி நேரம் கழித்து டோரின் ரிலே சர்ச் பக்கத்தில் உங்கள் நிக்நேமைத் தேடுங்கள்.

உடனே செய்ய வேண்டிய ஒன்று: டோரின் தரவுக் கோப்புறைக்குள் கீஸ் என்ற உட்கோப்புறை இருக்கும். அதைப் பத்திரமான வேறிடத்தில் பேக்கப் எடுத்து வையுங்கள். ரிலேயின் அடையாளமும் அது சேர்த்த பெயரும் அதற்குள்தான் இருக்கின்றன. சர்வர் செத்தாலும் அந்தச் சாவிகளைப் புதிய சர்வரில் வைத்தால் பழைய ரிலேயாகவே தொடரலாம். இல்லையென்றால் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது ரிலே தொடங்கினால் இரண்டின் அமைப்பிலும் மைஃபேமிலி வரியில் மற்றதன் கைரேகை எண்ணை, அதாவது ரிலேயின் தனி அடையாள எண்ணை, குறிப்பிடுங்கள். ஒரே ஆளின் இரு ரிலேக்கள் ஒரே பாதையில் வந்துவிட்டால் மூன்று சர்வர் ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லாமல் போய்விடும். இதைச் செய்யாமல் பல ரிலே வைத்திருப்பவரை வலையமைப்பு சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

ஆறாம் படி: காத்திருத்தல்

"ரிலே போட்டு இரண்டு நாளாகிறது, டிராஃபிக்கே இல்லை" என்பது புதியவர்களின் நிரந்தரப் புலம்பல். முதல் மூன்று நாள் யாரும் உங்கள் ரிலேயை அளக்கவில்லை. வினாடிக்கு 20 கிலோபைட் அளவில்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். மூன்றாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை அளவீட்டுச் சர்வர்கள் சோதித்துப் பார்க்க, டிராஃபிக் மெல்ல ஏறும். எட்டாம் நாளுக்குப் பிறகு கார்டு தகுதி கிடைத்ததும் டிராஃபிக் குறையும். பயந்து எதையும் மாற்றாதீர்கள். கார்டு என்று முத்திரை விழுந்ததும் நடு ரிலேயாக உங்களைத் தேர்வது குறைந்துவிடுகிறது. பயனர்களோ தங்கள் கார்டைப் பல வாரங்களுக்கு மாற்றுவதில்லை. பழைய கார்டை விட்டு உங்களிடம் வந்து சேர அவர்களுக்கு நேரம் பிடிக்கும். ஏறத்தாழ 68 நாள் கழித்துத்தான் ரிலே தன் நிலையான அளவுக்கு வரும். நடுவில் அடிக்கடி ரீஸ்டார்ட் செய்தால் இந்தக் கணக்கு இன்னும் தள்ளிப்போகும்.

சர்வரில் நிக்ஸ் என்ற கருவியை நிறுவிக்கொண்டால் டெர்மினலிலேயே ஓட்டத்தைப் பார்க்கலாம். லாகில் "திறந்த கோப்புகள் அதிகம்" என்று வந்தால் கோப்பு வரம்பை உயர்த்துங்கள். கெர்னல் லாகில் இணைப்பு அட்டவணை நிரம்பியதாக வந்தால் கான்ட்ராக் வரம்பை உயர்த்துங்கள்.

எக்ஸிட் நடத்தத்தான் போகிறீர்கள் என்றால்

நடு ரிலேயைச் சில மாதம் ஓட்டிப் பழகியவர்களுக்கு மட்டும் இது. சர்வரை எக்ஸிட்டுக்கென்றே தனியாக எடுங்கள்; உங்கள் இணையதளமோ மின்னஞ்சலோ அதில் இருக்கக் கூடாது. ரிவர்ஸ் டிஎன்எஸ் பெயரில் (ஐபி முகவரியைத் தேடினால் வரும் பெயர்) "டோர்" என்பதும் "எக்ஸிட்" என்பதும் தெரியும்படி வையுங்கள். 80ஆம் போர்ட்டில், இது டோர் எக்ஸிட், டிராஃபிக் எங்களுடையது இல்லை என்று விளக்கும் பக்கத்தை வையுங்கள். டோர் புராஜெக்ட் மாதிரிப் பக்கமே தருகிறது. முடிந்தால், முகவரி யாருடையது என்று காட்டும் ஹூஇஸ் பதிவில் புகார் முகவரியாக உங்கள் மின்னஞ்சலைப் போடச் சொல்லுங்கள். புகார் நேராக உங்களிடம் வந்தால் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பொறுமை மிச்சமாகும்.

மின்னஞ்சல் அனுப்பப் பயன்படும் 25ஆம் போர்ட்டைத் திறக்காதீர்கள்; ஸ்பேம் பட்டியலில் ஏற ஒருநாள் போதும். குறிப்பிட்ட போர்ட்களை மட்டும் வெளியே விடும் ரெட்யூஸ்டு எக்ஸிட் பாலிசியோடு தொடங்கினால் டோரன்ட் வழியாக வரும் காப்புரிமைப் புகார்கள் கணிசமாகக் குறையும். எக்ஸிட் முத்திரை கிடைக்க 80, 443 இரண்டும் திறந்திருக்க வேண்டும். தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் தேடல்களுக்கு அன்பவுண்ட் போன்ற சொந்த ரிசால்வரை அதே சர்வரில் ஓட்டுங்கள். எல்லா எக்ஸிட்களும் ஒரே பெரிய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸைக் கேட்டால், பயனர்கள் போகும் இடங்களின் பட்டியல் அங்கே குவிந்துவிடும். டிராஃபிக்கை எட்டிப் பார்ப்பதோ பதிவு செய்வதோ கூடவே கூடாது. அது துரோகம் என்பது ஒருபுறம். பல நாடுகளில் ஒட்டுக்கேட்பு என்ற குற்றமும்கூட.

புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். எக்ஸானரேட்டர் என்ற டோர் புராஜெக்டின் பக்கத்தில் ஒரு முகவரியையும் தேதியையும் கொடுத்தால், அன்று அங்கே ரிலே ஓடியதா என்று காட்டும். அந்த இணைப்பைப் பதிலோடு சேர்த்துவிடுங்கள். புகார் கொடுத்தவரின் முகவரியை மட்டும் எக்ஸிட் பாலிசியில் தடுத்துவிடுவதாகச் சொன்னாலே பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள்.

எக்ஸிட் இல்லாதவர்களுக்கும் புகார் வரலாம். 2024 அக்டோபர் இறுதியில் யாரோ டோர் ரிலேக்களின் முகவரிகளை அனுப்புநராகப் போலியாக இட்டு, உலகெங்கும் சர்வர்களின் 22ஆம் போர்ட்டை (தொலைவிலிருந்து உள்நுழையும் வாசல்) தட்டினார்கள். தானியங்கிப் புகார்கள் ஹோஸ்டிங் நிறுவனங்களுக்குப் பறந்தன. நடு ரிலேக்களும் தப்பவில்லை. நவம்பர் 7 அன்று மூலத்தைக் கண்டுபிடித்து நிறுத்தினார்கள். நிறுவனத்தோடு முன்பே பேசி வைத்தவர்களுக்கு அந்த நாட்களில் வேலை சுலபம்.

இவ்வளவு பொறுப்பு வேண்டாம், பணமாகக் கொடுக்கலாம் என்றால், பிரான்சின் நோஸ் ஒன்யோன், சுவீடனின் டிஎஃப்ஆர்ஐ, அமெரிக்காவின் எமரால்டு ஆனியன் போன்ற அமைப்புகள் நன்கொடையில் எக்ஸிட்கள் நடத்துகின்றன.

நிறுத்தும்போது

ஒருநாள் ரிலேயை மூட நேரலாம். டோருக்கு முறையான நிறுத்தக் கட்டளை கொடுத்தால் 30 வினாடி அவகாசம் எடுத்துக்கொண்டு, நடந்துகொண்டிருக்கும் இணைப்புகளைப் பார்த்துவிட்டு நிற்கும். சர்வரைப் பட்டென்று அழிக்காதீர்கள். வேறு சர்வருக்கு மாறுவதாக இருந்தால் சாவிகளைக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் அழித்துவிடுங்கள். வாடகை எடுத்த தேதி, விட்ட தேதி, முகவரி மூன்றையும் ரசீதோடு எடுத்து வையுங்கள். எக்ஸிட் மீதான விசாரணைக் கடிதங்கள் பல மாதம் தாமதமாக வருவதுண்டு. வரும்போது அந்த முகவரி வேறு யாரிடமாவது இருக்கும்.